அடுத்தவர் பணத்தில் ஓடிய கம்பெனி: வி-ஷோஜோவின் வீழ்ச்சி, கணக்கு வழியாக

2025 ஜூலை 21ஆம் தேதி, கணினியில் உருவாக்கிய உருவத்தின் பின்னிருந்து நேரலை செய்யும் விடியூபர்களின் ஏஜென்சியான வி-ஷோஜோவின் முதன்மை முகமாக இருந்த அயர்ன்மவுஸ், தான் விலகுவதாக ஒரு வீடியோ வெளியிட்டார். தனக்கு வரவேண்டிய பெருந்தொகை வரவில்லை என்றார். இம்யூன் டெஃபிஷியன்சி ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளைக்குச் சேரவேண்டிய 5 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகை அங்கே போய்ச் சேரவில்லை என்றும் சொன்னார். ஜூலை 24ஆம் தேதி, கம்பெனியை மூடுவதாகத் தலைமை நிர்வாகி ஜஸ்டின் இக்னேசியோ அறிவித்தார். அதற்குள் பெரும்பாலான கலைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேறிவிட்டார்கள்.

மூன்று நாளில் எந்தக் கம்பெனியும் நொடிப்பதில்லை. நொடித்துப்போனது ஊருக்குத் தெரிய மூன்று நாள் ஆனது, அவ்வளவுதான். ஆராய வேண்டிய கேள்வி வேறு: சொந்தப் பணம் தீர்ந்த பிறகும் ஒரு ஏஜென்சி எப்படி ஓடிக்கொண்டே இருக்க முடிகிறது? இந்தத் தொழிலில் அதற்குப் பெரிய தந்திரம் எதுவும் தேவையில்லை. கலைஞருக்கும், பொருள் செய்து தருபவருக்கும், அறக்கட்டளைக்கும் சேரவேண்டிய பணம் முதலில் ஏஜென்சியின் வங்கிக் கணக்கில் வந்து விழும்; அங்கே சில வாரம், சில மாதம் தங்கும். தங்கும் பணத்தைத் தன் பணம் என்று எண்ணிச் சம்பளம் போட ஆரம்பித்தால், அந்த மாதமே கம்பெனி உள்ளுக்குள் முடிந்துவிட்டது.

இது ஊகமாகச் சொல்வதல்ல. மூடல் அறிவிப்பிலேயே இக்னேசியோ ஒப்புக்கொண்டதன் சாரம் இதுதான்: கம்பெனி செலவழித்த பணத்தில் ஒரு பகுதி கலைஞரின் நிகழ்ச்சி வழியாகத் திரண்டது; அது அறப்பணிக்கானது என்று தனக்குப் பின்னர்தான் தெரியவந்தது; அந்த நேரத்தில் புதிய முதலீடு வரும், எல்லாச் செலவையும் அடைத்துவிடலாம் என்று உறுதியாக நம்பினார்; முதலீடு வரவில்லை.

எதை நம்பித் தொடங்கினார்கள்

வி-ஷோஜோ 2020 நவம்பரில் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. இக்னேசியோ ட்விச் என்ற நேரலைத் தளத்தின் ஆரம்பகால ஊழியர்களில் ஒருவர். இணையத்தில் கன்ரன் என்ற பெயரில் அறியப்பட்டவர். அயர்ன்மவுஸ், புராஜெக்ட் மெலடி, நியானர்ஸ், சென்ட்ரேயா போன்று ஏற்கெனவே சொந்தக் கூட்டம் வைத்திருந்த விடியூபர்கள்தான் முதல் அணி. 2022இல் 1.1 கோடி டாலர் முதலீடு கிடைத்தது. அதே ஆண்டில் கேசன் உள்ளிட்ட விடியூபர்களுடன் ஜப்பானுக்கும் கால் நீட்டினார்கள்.

ஜப்பானிய ஏஜென்சிகளிலிருந்து இவர்களைப் பிரித்துக் காட்டியது ஒரு வாக்குறுதி: கதாபாத்திரத்தின் உரிமை கலைஞரிடமே இருக்கும். ஹோலோலைவ் விடியூபர் குழுவை நடத்தும் கவர், நிஜிசஞ்சி குழுவை நடத்தும் எனிகலர் ஆகிய நிறுவனங்களில் உருவமும் பெயரும் கம்பெனியின் சொத்து. கலைஞர் விலகினால் உருவம் அங்கேயே தங்கிவிடும். சேனலும் பெரும்பாலும் அங்கேயேதான். வி-ஷோஜோவில் கலைஞர் போனால் எல்லாம் அவரோடு போகும்.

கலைஞர் பக்கம் நின்று பார்த்தால் இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது. கம்பெனியின் ஐந்தொகையில் பார்த்தால் சொத்துப் பக்கம் வெறுமையாக இருக்கும். எனிகலர் 2022 ஜூனிலும் கவர் 2023 மார்ச்சிலும் டோக்கியோ பங்குச் சந்தையில் பட்டியலாயின. அவர்களால் உருவங்களையும் பாடல்களையும் ஆண்டுக்கணக்கில் விற்கக்கூடிய சொத்தாகக் காட்ட முடியும். வி-ஷோஜோ முதலீட்டாளரிடம் காட்டக்கூடியது கலைஞர்களின் நல்லெண்ணத்தை மட்டும்தான். நல்லெண்ணத்தின் பேரில் வங்கி கடன் தராது. கையிலிருக்கும் பணம் தீர்ந்தால் இன்னொரு முதலீட்டுச் சுற்று வர வேண்டும். வராவிட்டால் வேறு வழியில்லை. உரிமையைக் கலைஞரிடம் விட்டது தவறு என்று இதற்குப் பொருளில்லை. அப்படி விட்ட கம்பெனி தன் செலவைக் கமிஷன் வருமானத்துக்குள் அடக்கியாக வேண்டும், அதுதான் விஷயம்.

வந்த பணமும் சொந்தப் பணமும்

இந்தத் தொழிலில் பணம் வரும் வழிகள் ஒன்றுக்கொன்று வேறு வேகத்தில் ஓடுகின்றன. ட்விச் ஒரு மாதத்து வருமானத்தை அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 15 நாளில் அனுப்பும். சந்தாவில் ஸ்ட்ரீமரின், அதாவது நேரலை செய்பவரின், பங்கு வழக்கமாகப் பாதி. தகுதி பெற்ற பெரிய சேனல்களுக்கு 60 அல்லது 70 சதவீதம். ரசிகர்கள் நேரலையில் பணம் கட்டிச் செய்தி அனுப்பும் யூடியூப் சூப்பர் சாட்டில் 70 சதவீதம், அடுத்த மாதம் மூன்றாம் வாரத்துக்கு மேல். ஸ்பான்சர் நிறுவனங்கள் பில் வந்த பிறகு பணம் தர 30 முதல் 90 நாள் எடுத்துக்கொள்ளும். மெர்ச், அதாவது ரசிகர்களுக்கு விற்கும் கதாபாத்திரப் பொருள்கள், தலைகீழ்: முன்பதிவில் ரசிகர் இன்றைக்கே முழுப் பணத்தையும் கட்டுவார், பொருள் போய்ச் சேர நாலைந்து மாதம் ஆகும்.

இவை எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வாங்கும் ஏஜென்சியை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் கணக்கை விளக்க வைத்துக்கொண்டவை. வி-ஷோஜோவின் எண்கள் அல்ல.

மாத வரவு 6 லட்சம் டாலர். அதில் தளங்களிலிருந்து 2,50,000, ஸ்பான்சர் 1,50,000, மெர்ச் 2,00,000. தள வருமானத்தில் ஏஜென்சி கமிஷன் 10 சதவீதம் என்றால் 25,000. ஸ்பான்சரில் 20 சதவீதம் என்றால் 30,000. மெர்ச்சில் உற்பத்தி, பேக்கிங், அனுப்பும் செலவு 1,10,000 போக மிச்சம் 90,000. அதில் கலைஞருக்கு 60 சதவீதம், ஏஜென்சிக்கு 36,000. ஆக மொத்தம் 6 லட்சத்தில் ஏஜென்சிக்குச் சொந்தம் 91,000 மட்டுமே. கலைஞர்களுக்கு 3,99,000, சரக்குக்காரர்களுக்கு 1,10,000.

இப்போது நிலையான செலவைப் பாருங்கள். மேலாளர்கள், எடிட்டர்கள், சட்ட ஆலோசகர், கணக்காளர், மாநாட்டு அரங்குகள், முப்பரிமாண நிகழ்ச்சிக்கு அசைவுப் பதிவு ஸ்டூடியோ வாடகை, புதுக் கலைஞர் அறிமுகத்துக்கு உருவம் வரைதல், அதை அசைய வைக்கும் ரிக்கிங், பாடல், வீடியோ என்று மாதம் 1,80,000 போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி மாதந்தோறும் 89,000 டாலர் இழக்கிறது.

ஆனால் வங்கி இருப்பு அதைச் சொல்லாது. கலைஞரின் பங்கை 60 நாள் கழித்துத் தருவது வழக்கம் என்றால், எந்த நேரத்திலும் கணக்கில் அவர்களுடைய பணம் ஏறக்குறைய 7,98,000 டாலர் கிடக்கும். மாதம் 89,000 வீதம் அதைக் கரைத்தால் ஒன்பது மாதம் வரை ஒரு காசோலைகூடத் திரும்பாது. யாருக்கும் சம்பளம் தவறாது. வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்க்கும் நிர்வாகிக்கு, 'கொஞ்சம் இறுக்கம்தான், சமாளிக்கலாம்' என்று தோன்றும். பத்தாம் மாதம் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோகும்.

இந்த மயக்கத்தை இன்னும் பெரிதாக்குவது ஒரு கணக்குப் பழக்கம். 6 லட்சத்தையும் தன் வருமானம் என்று எழுதி, கலைஞர் பங்கைச் செலவு என்று எழுதினால், கம்பெனி ஆண்டுக்கு 72 லட்சம் டாலர் புரளும் நிறுவனமாகத் தெரியும். 91,000 மட்டுமே வருமானம் என்று எழுதினால் ஆண்டுக்கு 11 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பொருளின் மீதோ சேவையின் மீதோ தனக்கு முழுக் கட்டுப்பாடு இல்லாமல் இடையில் நிற்பவர் தன் கமிஷனை மட்டுமே வருமானமாகக் காட்ட வேண்டும் என்பது அமெரிக்க, சர்வதேசக் கணக்கியல் நெறிகள் இரண்டிலும் உள்ள விதி. முதலீட்டாளருக்கான விளக்கத் தாளில் பெரிய எண் அழகாக இருக்கும் என்பதற்காக உள் அறிக்கையிலும் அதையே வைத்துக்கொள்ளும் கம்பெனிகளில், அந்த எண்ணை நம்பித்தான் ஆட்களை எடுப்பார்கள்.

பெரிய மாதம்தான் ஆபத்தான மாதம்

2024 செப்டம்பரில் அயர்ன்மவுஸ் நடத்திய சப்பத்தான் ட்விச் வரலாற்றில் இடம்பிடித்தது. புதிய சந்தா வரவர நேரலையின் நேரம் நீளும், அதுதான் சப்பத்தான். அவருடைய சேனல் ஒரே நேரத்தில் 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சந்தாக்களை எட்டியது. 2023இல் கெய் செனட் என்ற ட்விச் ஸ்ட்ரீமர் வைத்த சாதனை முறிந்தது. பொது மாறுபடும் நோய் எதிர்ப்புக் குறைபாடு (CVID) என்ற நோயோடு வாழ்பவர் அவர். அதனால்தான் அதே துறையில் இயங்கும் இம்யூன் டெஃபிஷியன்சி ஃபவுண்டேஷனுக்கு ஆண்டாண்டாகப் பணம் திரட்டிவந்தார்.

இப்படி ஒரு நிகழ்ச்சி ஏஜென்சியின் பணப்புழக்கத்தை என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். ஒரு சந்தாவுக்கு 2 டாலர் மட்டுமே ஸ்ட்ரீமர் பக்கம் வருகிறது என்று மிகக் குறைவாக வைத்தாலும், 3.2 லட்சம் சந்தாவுக்கு 6.4 லட்சம் டாலர். இந்தப் பணம் ஏஜென்சியின் பொதுக் கணக்கு வழியாகப் போகும் ஏற்பாடு என்றால், மேலே சொன்ன மாதிரிக் கம்பெனிக்கு ஒரே மாதத்தில் வரவு இரட்டிப்பாகும். பழைய பாக்கிகளை அடைக்க அது போதும். முந்தைய கலைஞர்களுக்குத் தரவேண்டிய தவணைகள் திடீரென ஒழுங்காகப் போகும், சரக்குக்காரர் வாய் மூடுவார், இருப்பும் ஏறியிருக்கும். வெளிப்பார்வைக்கு நெருக்கடி தீர்ந்ததுபோல இருக்கும். உண்மையில் நடந்தது ஒன்றே: சிறு சிறு கடன்கள் பல, ஒரே ஆளுக்கான பெரிய கடனாக மாறின. 60 நாளில் அந்தப் பெரிய கடன் கதவைத் தட்டும்போது மாத வரவு பழைய அளவுக்கு இறங்கியிருக்கும்.

ஆகவே பெருந்தொகை வந்த மாதத்திலேயே பிரித்து எடுத்து வைக்காவிட்டால், அதன் பிறகு பிரித்துக் கொடுக்க ஒருபோதும் முடியாது. ஏஜென்சி நிதி மேலாளர்கள் இதைக் கரும்பலகையில் எழுதி வைக்கலாம்.

அறப்பணிக்கு வந்த பணம்

நேரலைகளில் அறப்பணிக்குப் பணம் திரட்ட இரண்டு வழி உண்டு. ரசிகர்கள் பார்வையில் இரண்டும் ஒன்றுதான், பணத்தின் பாதையில் இரண்டும் வேறு. முதல் வழி டில்டிஃபை போன்ற தளம். ரசிகர் கட்டும் பணம் ஸ்ட்ரீமரின் கைக்கோ ஏஜென்சியின் கைக்கோ வராமல் அறக்கட்டளைக்குப் போகிறது. திரையில் ஓடும் எண் மட்டுமே ஸ்ட்ரீமருக்கு. இரண்டாம் வழி, 'இந்த நிகழ்ச்சியின் வருமானத்தில் ஒரு பங்கை இந்த அமைப்புக்குத் தருவேன்' என்ற வாக்கு. இதில் சந்தா, பிட்ஸ் (ட்விச்சில் ரசிகர் வாங்கி ஸ்ட்ரீமருக்குத் தரும் டோக்கன்), மெர்ச் என்று வரும் பணம் வழக்கமான பாதையிலேயே வந்து, வழக்கமான கணக்கில் விழுந்து, அங்கிருந்து யாராவது ஒருவர் நினைவு வைத்து அனுப்பினால்தான் போய்ச் சேரும்.

இரண்டாம் வழியில் வரும் பணத்துக்கு முகவரிச் சீட்டு கிடையாது. கணக்குப் புத்தகத்தில் அது 'ட்விச் வரவு' என்ற ஒரே வரி. நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த மேலாளருக்குத் தெரியும், கலைஞருக்குத் தெரியும், பார்த்த லட்சக்கணக்கானவர்களுக்குத் தெரியும். பணம் அனுப்பும் மேசையில் இருப்பவருக்குத் தெரியாமல் போகலாம். 'பின்னர்தான் தெரிந்தது' என்று ஒரு நிர்வாகி சொல்லும்போது அதை நம்புவதா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் போகாமலேயே ஒன்று சொல்லலாம்: அது அறப்பணிப் பணம் என்று தெரியாமல் செலவானது என்றே வைத்துக்கொண்டாலும், அது கலைஞரின் பணம் என்பது தெரியாமல் இருக்க வழியில்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். பிள்ளையாருக்கு வைத்த தேங்காயைக் கடைக்காரரே எடுத்துக்கொண்ட கதை இது.

கலிஃபோர்னியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. பொருளையோ சேவையையோ விற்று அதில் ஒரு பங்கை அறக்கட்டளைக்குத் தருவதாகச் சொல்லும் வணிக நிறுவனம், மாநிலத் தலைமை வழக்கறிஞரிடம் பதிவுசெய்ய வேண்டும். பதிவு வேண்டாம் என்றால் மூன்று நிபந்தனை: அறக்கட்டளையின் இரண்டு பொறுப்பாளர்கள் கையொப்பமிட்ட எழுத்து ஒப்பந்தம், திரட்டத் தொடங்கியதிலிருந்து 90 நாளுக்கு ஒருமுறை பணத்தை ஒப்படைத்தல், அதோடு முறையான கணக்கு.  அதற்கு மேல் பணம் தங்கினால் அது செயல்பாட்டுப் பணமாகக் கரையத் தொடங்கலாம்.

செய்தி வெளிவந்ததும் அயர்ன்மவுஸ் அதே அறக்கட்டளைக்காகப் புதிதாக ஒரு திரட்டலைத் தொடங்கினார். வரவேண்டியிருந்த தொகையை அது மிக விரைவில் தாண்டியது. 10 லட்சம் டாலரையும் கடந்தது. ரசிகர்கள் இரண்டாம் முறையாகக் கொடுத்தார்கள். முதல் முறை கொடுத்தது எங்கே என்ற கேள்வி அதனால் அடைபட்டுவிடவில்லை.

உள்ளே இருப்பவர்களுக்கு ஏன் தெரியவில்லை

ஒவ்வொரு கலைஞரும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனி ரகசிய உறுதிமொழி, தனித்தனி மேலாளர். தனக்குப் பணம் தாமதமானால் தன் கோப்பில்தான் ஏதோ சிக்கல் என்று ஒவ்வொருவரும் நினைப்பார். ஒரு ஏஜென்சி பணமுடையில் விழும்போது அறிகுறிகள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வருகின்றன.

முதலில் பணம் நான்கைந்து நாள் தள்ளும். காரணம் வங்கி விடுமுறை. பிறகு மாதக் கணக்கு அறிக்கை வரும், பணம் வராது. அதன் பிறகு அறிக்கையே வராது; 'கணக்கு மென்பொருளை மாற்றுகிறோம்' என்பார்கள். அடுத்த கட்டத்தில் மொத்தத் தொகைக்குப் பதில் முழு எண்களில் பணம் வரும்: 10,000, 5,000. கமிஷன் கழித்த நேர்மையான கணக்கு அநேகமாக முழு எண்ணில் முடிவதில்லை. முழு எண்ணில் பணம் வந்தால், யாரோ கணக்கைப் பார்க்காமல் இருப்பைப் பார்த்து அனுப்புகிறார்கள் என்று பொருள். எல்லா அறிகுறிகளிலும் இதையே அதிகம் நம்பலாம். சத்தம் போடுபவருக்கு முதலில் கிடைக்கும். அமைதியானவர்கள் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். கணக்காளர் வேலையை விடுவார், அந்த இடம் நிரப்பப்படாது. ஓவியர்களும் ரிக்கிங் செய்பவர்களும் முன்பணம் இல்லாமல் வேலை எடுக்க மாட்டோம் என்பார்கள். மெர்ச் தொழிற்சாலை, வழக்கமான 30 சதவீத முன்பணத்துக்குப் பதில் முழுத் தொகையும் கேட்கும்.

தொழிற்சாலை கதவைச் சாத்திவிட்டால் அடுத்த சிக்கல் வேகமாக வரும். முன்பதிவில் வாங்கிய பணம் சம்பளத்துக்குப் போயிருக்கும். பொருள் செய்யப் பணம் இருக்காது. அமெரிக்க வர்த்தக ஆணைய விதிப்படி, சொன்ன காலத்தில், காலம் சொல்லாவிட்டால் 30 நாளில், பொருளை அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் வாங்கியவரிடம் சம்மதம் கேட்க வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். பொறுமையிழந்த ரசிகர் கார்டு வங்கியிடம் முறையிடுவார். முறையீடுகள் கூடினால் பணம் வசூலித்துத் தரும் நிறுவனம் இனி வரும் விற்பனையில் ஒரு பங்கைப் பிணையாக நிறுத்திவைக்கும். பணம் மிகவும் தேவைப்படும் வாரத்தில்தான் இது நடக்கும்.

வி-ஷோஜோவில் இவற்றில் எது எது எந்த வரிசையில் நடந்தது என்பதை உள் ஆவணங்கள் இல்லாமல் சொல்ல முடியாது. அயர்ன்மவுஸ் பேசியதும் மற்றவர்கள் தங்கள் பாக்கியையும் பேசத் தொடங்கினார்கள் என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது. ரகசிய உறுதிமொழியால் பிரிந்து கிடந்த தகவல் ஒரே இரவில் ஒன்றுசேர்ந்தது. அதன் பிறகு ஒரு கம்பெனிக்கு இருக்கும் ஆயுள் மிகக் குறைவு: கலைஞர் போனால் கமிஷன் போகும், கமிஷன் போனால் முதலீட்டாளர் போவார். உருவ உரிமை கலைஞரிடம் இருந்ததால் யாருக்கும் தயங்க வேண்டிய காரணம் இல்லை. அதே பெயர், அதே முகம், அதே சேனலோடு மறுநாளே நேரலைக்கு வர முடிந்தது. கவர் போன்ற நிறுவனத்தில் இதே நிலை வந்திருந்தால், கலைஞர்கள் முகத்தையும் இழந்து பாக்கியையும் இழந்து நின்றிருப்பார்கள். வி-ஷோஜோ கொடுத்த வாக்குறுதிகளில் கடைசிவரை நின்றது இந்த ஒன்றுதான்.

பாக்கி வசூல் என்ற பள்ளம்

அமெரிக்கத் திவால் சட்டத்தில் கலைஞரின் இடம் பலவீனமானது. ஊழியர் சம்பளப் பாக்கிக்கு ஒரு வரம்புவரை முன்னுரிமை உண்டு. 2025 ஏப்ரல் முதல் அந்த வரம்பு ஆளுக்கு 17,150 டாலர், அதுவும் கடைசி 180 நாளில் உழைத்ததற்கு. விடியூபர்கள் பொதுவாக ஊழியர்கள் அல்ல, சுயேச்சை ஒப்பந்ததாரர்கள். அவர்கள் பிணையில்லாக் கடன்காரர்கள் வரிசையில், அச்சகத்துக்கும் விளம்பர நிறுவனத்துக்கும் பக்கத்தில் நிற்க வேண்டும்.

'அது கம்பெனியின் பணமே அல்ல, எனக்காக வைத்திருந்த பணம்' என்று நிறுவினால் நிலைமை மாறும். பிறருக்காகப் பொறுப்பில் வைத்த பணம் திவாலான கம்பெனியின் சொத்தில் சேராது. ஆனால் அதை நிறுவ அந்தப் பணம் எங்கே என்று சுட்டிக்காட்ட வேண்டும். பொதுக் கணக்கில் கலந்துவிட்டால் நீதிமன்றங்கள் பார்ப்பது, உங்கள் பணம் வந்த பிறகு அந்தக் கணக்கின் இருப்பு எந்த நாளிலாவது எவ்வளவு தாழ இறங்கியது என்பதை. ஒரு நாள் 3,000 டாலருக்கு இறங்கியிருந்தால், பிறகு 5 லட்சம் வந்து நிரம்பியிருந்தாலும், நீங்கள் 'இது என்னுடையது' என்று கைவைக்கக்கூடியது அந்த 3,000 மட்டுமே. கலந்த பணம் ஒருமுறை வற்றினால் உரிமையும் அதோடு வற்றிவிடும்.

இதைத் தடுக்கக் கலிஃபோர்னியா தொழிலாளர் சட்டத்தின் 1700.25ஆம் பிரிவு பழைய சினிமா, நாடக ஏஜென்டுகளுக்கு ஒரு விதி வைத்திருக்கிறது: உரிமம் பெற்ற ஏஜென்சி கலைஞருக்காகப் பெறும் பணத்தை உடனே தனிப் பொறுப்புக் கணக்கில் போட வேண்டும், கமிஷன் போக மிச்சத்தை 30 நாளில் தர வேண்டும். விடியூபர் நிறுவனங்கள் பல தங்களை ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்வதில்லை. மேலாண்மை நிறுவனம், தயாரிப்பு நிறுவனம் என்ற பெயரில் இயங்குகின்றன. அந்த விதி தங்களைக் கட்டுப்படுத்துமா என்று வழக்கறிஞரைக் கேட்பதற்குப் பதில் அதை அப்படியே எடுத்துப் பின்பற்றினால் செலவு ஒன்றுமில்லை: இன்னொரு வங்கிக் கணக்கு, அவ்வளவே.

எப்படி வைத்திருக்க வேண்டும்

சரியான ஏற்பாட்டில் மூன்று வங்கிக் கணக்கு இருக்கும். மெர்ச் முன்பதிவு தவிர மற்ற வரவு எல்லாம் முதல் கணக்கில், அதாவது பொறுப்புக் கணக்கில் விழும். அதிலிருந்து வாரம் ஒருமுறை ஏஜென்சியின் கமிஷனை மட்டும் இரண்டாவதான செயல்பாட்டுக் கணக்குக்கு மாற்ற வேண்டும். சம்பளம், வாடகை எல்லாம் அங்கிருந்து மட்டுமே. மூன்றாவது கணக்கு மெர்ச் முன்பதிவுக்கு. பொருள் அனுப்பிய அளவுக்குத்தான் அதிலிருந்து பணம் வெளியே வர வேண்டும். அறப்பணி நிகழ்ச்சி இருந்தால் அதற்கென்று நான்காவதாக ஒன்று, நிகழ்ச்சி தொடங்கும் முன்பே.

மாதம் முடிந்ததும் மூன்று எண்களை ஒப்பிட வேண்டும்: பொறுப்புக் கணக்கின் வங்கி இருப்பு, பேரேட்டில் அந்தக் கணக்கின் மொத்தம், கலைஞர் வாரியாக உள்ள துணைப் பேரேடுகளின் கூட்டுத்தொகை. மூன்றும் காசுக்குக் காசு பொருந்த வேண்டும். வழக்கறிஞர்கள் கட்சிக்காரர் பணத்துக்கு இதைத்தான் செய்கிறார்கள். முதல் இரண்டு பொருந்தி மூன்றாவது கூடுதலாக இருந்தால், யாருடைய பணமோ ஏற்கெனவே செலவாகிவிட்டது. அன்றைக்கே ஆள் எடுப்பதை நிறுத்த வேண்டும். இந்த ஒப்பீட்டைச் செய்பவரும் பணம் அனுப்பப் பொத்தானை அழுத்துபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

செயல்பாட்டுக் கணக்குக்குப் பதின்மூன்று வாரப் பண முன்கணிப்பு போட வேண்டும். அதில் 'வரப்போகும் முதலீடு' என்ற வரிக்கு இடமில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பணம் வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம். முன்கணிப்பில் எட்டாவது வாரம் பூஜ்யத்தைத் தொட்டால், ஆட்குறைப்பையோ மூடலையோ அந்த வாரமே பேச வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் பாக்கி தீர்த்துக் கௌரவமாக மூடுவதற்கும் காசு வேண்டும்.

கலைஞர் பக்கம் இன்னும் எளிய வழி இருக்கிறது: பணத்தின் திசையையே மாற்றுவது. ட்விச், யூடியூப் வருமானம் கலைஞரின் சொந்தக் கணக்குக்கே வரட்டும்; ஏஜென்சி தன் கமிஷனுக்குப் பில் அனுப்பட்டும். தாமதத்தின் சுமை அப்போது கமிஷன் வாங்குபவர் மீது விழும். இதற்கு ஒப்புக்கொள்ளாத ஏஜென்சியிடம் காரணம் கேட்க வேண்டும். பெரும்பாலும் சொல்லப்படும் 'நிர்வாக வசதி' என்பது பணத்தை வைத்துக்கொள்ளும் வசதி. ஸ்பான்சர், மெர்ச் வருமானத்துக்கு இது எப்போதும் சாத்தியமில்லை. அங்கே ஒப்பந்தத்தில் நான்கு வரி எழுதி வாங்க வேண்டும். பணம் பொறுப்புக் கணக்கில் கலைஞருக்காக வைக்கப்படுகிறது என்ற வாசகம். மூலப் பில்லோடு கூடிய மாத அறிக்கை. ஆண்டுக்கு ஒருமுறை கணக்காளரை அனுப்பிப் பார்க்கும் உரிமை. வித்தியாசம் 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்தச் செலவு ஏஜென்சியுடையது. பணம் 10 நாள் தாமதமானால் ஸ்பான்சரிடம் நேரடியாகப் பெற்றுக்கொள்ளும் உரிமை, 30 நாள் தாமதமானால் அபராதமின்றி விலகும் உரிமை.

இந்த உரிமைகளைப் பயன்படுத்த வேண்டிய நாளில் சேனலுக்குள் நுழைய முடியாமல் போனால் வாசகங்களால் பயனில்லை. ட்விச், யூடியூப், பணம் பெறும் கணக்கு மூன்றிலும் பதிவான மின்னஞ்சல் கலைஞரின் சொந்த மின்னஞ்சலாகவும், இரண்டடுக்குச் சரிபார்ப்பு எண் வந்து விழும் போன் கலைஞரின் சொந்தப் போனாகவும் இருக்க வேண்டும். மேலாளருக்கு எடிட்டர் அளவிலான அனுமதி போதும்.